கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தீ மட்டை

திருச்சியில் நான் முன்பு வேலை பார்த்த வனத்துறை ஆபீஸின் வாசலறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரு மூங்கில் கழி. அதன் நுனியில், அரிசி ஆலையின் பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையை இரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். காட்டுத் தீயை அடித்து அணைக்கிற மட்டை. போன மாதம் ஏதோ ஒரு கையெழுத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனபோது அதை மறுபடி பார்த்தேன்.

அதைச் செய்தவர் எங்கள் மலைப் பகுதியில் காட்டுக் காவலுக்கு இருந்த வாட்சர். பல வருடமாகத் தற்காலிக ஆள். அதற்கு முன் எல்லோரும் பச்சைத் தழையை ஒடித்துத்தான் தீயை அடிப்பார்கள். கோடையில் தழைக்கு எங்கே போவது? கிடைத்தாலும் நாலு அடியில் காய்ந்து கையிலேயே பற்றிக்கொள்ளும். இவர் துறையூர்ப் பக்கம் ஆலை ஆலையாக அலைந்து, கழித்துப் போட்ட பெல்ட்டைக் கேட்டு வாங்கி, தன்னோடு சேர்த்து எட்டுப் பேருக்கும் மட்டை செய்தார். ஒருமுறை அறிக்கை எழுத என்னையும் மேலே அனுப்பியிருந்தார்கள். புகையைக் கண்டதும் எல்லோரும் அதை நோக்கி ஓடப் பார்த்தார்கள். அவர் நிறுத்தினார். "தீயை அப்புறம் பாத்துக்கலாம். திரும்பி வர்ற வழிய மொதல்ல பாத்து வச்சுக்குங்க" என்றார். இறங்கும்போது தலை எண்ணிவிட்டுக் கடைசி ஆளாக வந்தார்.

தீயணைப்பில் சிறந்தவருக்கென்று துறை கொடுக்கிற விருதுக்கு அவர் பெயரைப் போட்டுப் பாராட்டுரை எழுதியது நான்தான். கிடைத்தால் வேலை நிரந்தரமாகும் என்று அவருக்கும் தெரியும். எங்கள் ஆபீஸ் அதிகாரி படித்துப் பார்த்தார். "டெம்பரரி ஆளுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. நல்லா எழுதியிருக்கீங்க, பேரை மட்டும் மாத்தி என் பேரைப் போட்டுடுங்க" என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றினேன். சுளித்ததையே பெரிய எதிர்ப்பு என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

புத்தூரில் ஒரு மண்டபத்தில் விழா. கொண்டுவரச் சொல்லியிருந்ததால் வாட்சர் தன் மட்டையைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து மேடை ஓரமாக நின்றார். வெள்ளைச் சட்டையில் கரி படாமல் அதை எட்டப் பிடித்தபடி அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு கை கழுவப் போனார். மட்டை கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஒரே வாரத்தில் வாட்சர் ஆபீஸுக்கு வந்தார்.

"விருது கெடக்கட்டும் சார். மட்டையக் குடுத்துடுங்க, மேல எரியுது."

சாவி அதிகாரியிடம் இருந்தது. அதிகாரி கூட்டத்தில் இருந்தார். ஒரு கண்ணாடியை உடைக்கக்கூட எனக்குத் துப்பில்லை. அவர் வெறுங்கையோடு போனார். மற்ற ஏழு மட்டையும் அவருடைய ஆட்களிடம் இருந்தன. யாரிடமும் திருப்பிக் கேட்காமல், தழையை ஒடித்துக்கொண்டு அவரே முன்னால் நின்றிருக்கிறார். வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அடுத்த கோடைக்கு, கை சரியில்லை என்று சொல்லி அவரை வேலைக்கே கூப்பிடவில்லை.

பெட்டிக்குக் கீழே பாராட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'தீயின் எதிரே முதல் ஆளாக நின்றவர்' என்பது முதல் வரி. வாட்சரை நினைத்து நான் எழுதிய வரி, அதிகாரியின் பெயருக்கு அடியில் இருக்கிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பக்கத்தில் வந்தாள்.

"இவரு பெரிய மனுஷர் போலிருக்கே சார். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்மா, பெரிய மனுஷர்தான் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்க உள்ளே போனேன்.