வாசலில் கட்டிய பேயாவரை

பேயாவரை இலையைக் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும், கை கழுவினாலும் லேசில் போகாது. ஆவாரைக்கு அது கிடையாது. இரண்டும் ஒரே வகையறாச் செடிகள், பூவும் ஒரே மஞ்சள். ஆவாரைக்குப் புளிய இலை மாதிரிச் சின்ன இலை, தட்டைக் காய். பேயாவரைக்கு நுனி கூர்ந்த பெரிய இலை, மேல்நோக்கி நிற்கும் மெல்லிய காய். எங்கள் சங்கராபுரம் பக்கம் போகியன்று வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவைச் சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவோம். பேயாவரையை யாரும் சீண்டுவதில்லை.

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன், ஒரு மார்கழியில் சாரம் சரிந்து செத்துப்போனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பக்கவாதத்தில் கிடந்த பெரியப்பா தாங்கமாட்டார் என்று அவரிடம் சொல்லவில்லை. ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. பெரியம்மா அழுவதற்கு எங்கள் வீட்டுக்கு வருவாள், முகம் கழுவிக்கொண்டு திரும்பிப் போவாள்.

போகி வந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் நேரே வாசல்தான். வாசல் வெறுமையாக இருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்ப் பேயாவரையை ஒடித்து என் கையில் திணித்தாள்.

“சாவு வுழுந்த வூட்ல ஆவாரம்பூ கட்டக் கூடாது. இத கட்டனா யாரு கேக்கப்போறாங்க? அவரு கண்ணுக்கு மஞ்சளா தெரிஞ்சா போதும்.”

அன்று சாயங்காலம் பெரியப்பாவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்தே வயதைக் கழித்தவர். என் கையைப் பிடித்து முகர்ந்தார். வெகுநேரம் விடவில்லை.

“ஆவாரம்பூ இப்டி நாறாது பாப்பா,” என்றார். வாய் கோணி, வார்த்தை குழறித்தான் வந்தது. “பையன் செத்துப் பூட்டானா?”

நான் தலைகுனிந்திருந்தேன். அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

“எனக்குத் தெரியும்னு உங்க பெரிம்மாகிட்ட சொல்லிடாத. எனக்காவத்தான் அவ சிரிச்சிக்கினு கீறா.”

மாசியில் அவரும் போய்விட்டார். அதுவரை இருவரும் ஒருவருக்காக ஒருவர் நடித்ததை நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் போகிக்கும் பெரியம்மா வாசலில் நின்று கையை நீட்டினாள், நான் ஆவாரங்கொத்தை எடுத்துக் கொடுத்தேன். வருஷா வருஷம் சொல்வதைத்தான் சொன்னாள்.

“அந்த மனுசன் ஒண்ணும் தெரியாமயே போய்ட்டாரு. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்.”

“ஆமா பெரிம்மா,” என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.