ஏன் என்று எழுதுகிற பொன்மணி

நிரலில் ஒரு வரியை மாற்றினால் பொன்மணி அதற்கு ஐந்து வரி விளக்கம் எழுதுவாள். எதை மாற்றினேன் என்பதோடு விடமாட்டாள். ஏன் மாற்றினேன் என்பதும் இருக்கும். நந்தனத்து ஆபீஸில் இதைக் கிண்டலடிக்காத ஆளே இல்லை.

"இன்னா பொன்மணி, இது கமிட் மெசேஜா, கல்யாணப் பத்திரிகையா?" என்பான் பக்கத்து சீட்டு ஸ்டீவ்.

"படிச்சிட்டு மொய் வெச்சிட்டுப் போ" என்பாள்.

அவர்கள் செய்கிற மென்பொருள், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 'நாளை உங்கள் முறை' என்று செல்போனில் செய்தி அனுப்புவது. ஒரு முறை தவறினாலும் உடம்பு தாங்காது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வளர்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் அப்பா அப்படித்தான் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் புதிய பதிப்பு போயாக வேண்டும். ஸ்டீவ் நாற்பது கோப்புகளை ஒரே மூச்சில் திருத்தி, 'சுத்தம் செய்தேன்' என்று இரண்டே வார்த்தை எழுதி அவள் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தான்.

"புரியாததுக்கு நான் ஓகே போடமாட்டேன் ஸ்டீவ். தனித்தனியா பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஏன்னு எழுது."

"மேனேஜர் உயிர எடுக்கறாங்க, நீ வேற!"

தாமதமானால் பழி தன் தலையில்தான் விழும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அசையவில்லை; அழுத்தக்காரி.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவன் பிரிக்க உட்கார்ந்தான். ஒன்பதாவது துண்டில் கை நின்றது. ஒரே போன் எண்ணில் இருந்த பெயர்களையெல்லாம் ஒரே ஆளாக்கியிருந்தான். 'ஏனென்றால்' என்று தட்டியவனுக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை. ஒரே ஆள்தான் என்று அவனுக்கு யார் சொன்னது?

பட்டியலைத் திறந்தான். ஒரே எண்ணில் சுப்பம்மா, ஜமீலுன்னிசா, சின்னப்பையன். ஸ்பீக்கரைப் போட்டு அந்த எண்ணுக்கு அடித்து, டயாலிசிஸ் மெசேஜ் அனுப்புகிற கம்பெனி என்றான்.

"ஆப்பக்கடை தேவானை பேசறேன். ஆஸ்பத்திரி மெசேஜ் விஷயமா? அவங்க மூணு பேராண்டயும் போனு இல்ல நைனா. நான்தான் ஓடிப்போய் சொல்லிக்கினு கீறேன். நாளைக்கு யாருக்கு?"

ஸ்டீவ் திரையைப் பொன்மணி பக்கம் திருப்பினான். பொன்மணிதான் திரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். "சுப்பம்மாவுக்கும் ஜமீலுன்னிசாவுக்கும்மா. காலைல ஏழு மணி."

"ரெண்டு பேருக்குமா? தோ, போறேன்."

அவன் திருத்தம் போயிருந்தால் தேவானைக்கு ஒரு பெயர்தான் வந்திருக்கும்.

அந்தத் துண்டு இல்லாமல், பதிப்பு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனது. பொன்மணி திட்டு வாங்கினாள். வீட்டுக்குப் போவதற்கு முன் ஸ்டீவ் நிரலில் அந்த இடத்தில், இனி வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு சேர்த்து அவளுக்கு அனுப்பியிருந்தான்: 'இந்தப் பெயர்களை ஒன்றாக்க வேண்டாம். ஏனென்றால் இந்த ஒரே எண்ணை நம்பி மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள்.'

படித்ததும் பொன்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓகே போட்டாள்.