சப்பாத்தடுக்கில் ஆறு புள்ளிகள்

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர்,

நான் பட்டம் பெற்றவனல்லன். வானொலி திருத்தும் நூல்களை நானே வாசித்துத் தேறியவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின்னர் இலங்கையிலிருந்து மெல்பேர்ன் வந்து, பல வேலைகள் பார்த்து, ஈற்றில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளனாக அமர்ந்தேன். கட்டடத்தினுள் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை வானொலி அலையால் அறியும் ஆய்வு அங்கே நடைபெற்றது. நெருப்புப்பெட்டியிற் பாதியளவான கருவியொன்றை அவர் அணிந்திருப்பார். சுவர்களிற் பொருத்திய பெட்டிகள் அதன் அலையின் வலுவை அளந்து, தமக்குள் ஒப்பிட்டு, அவர் நிற்குமிடத்தைக் கணினித் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும்.

அவ்வாய்வு எனக்கு வெறும் உத்தியோகமன்று. என் மனைவிக்கு மறதி நோய் கண்டிருந்தது. இருமுறை வீட்டைவிட்டு வெளியேறி வழி தவறியிருந்தார். இன்னொரு முறை அவ்வாறு நேர்ந்தால், கதவு பூட்டிய பராமரிப்பு இல்லத்திற் சேர்க்கத்தான் வேண்டுமென வைத்தியர் கூறிவிட்டார். அதற்கு இடங்கொடுப்பதில்லையென நான் தீர்மானித்தேன்.

கழுத்தில் தொங்கவிட்ட கருவிகளை, ஆய்விற் பங்கேற்ற முதியவர்கள் கழற்றி எறிந்தனர். மெல்பேர்ன் குளிரில் எவரும் வெறுங்காலுடன் வெளியே போவதில்லையென எண்ணி, சப்பாத்தின் குதியிற் பொருத்துமாறு யோசனை சொன்னவன் நானே. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய சென்னைப் பெண்மணி அதை உடனே ஏற்றார்.

மெல்பேர்ன் புறநகரான த பேசினிலுள்ள பிள்ளையார் கோயிலில், நிர்வாகத்தாரின் அனுமதியுடன், ஒரு ஞாயிறன்று பரிசோதனை நடந்தது. முதியவர்கள் அறுவர், என் மனைவியும் அவர்களுள் ஒருவர். பூசை முடிந்து திரும்பினேன். அருகே மனைவியைக் காணவில்லை. தலைவி மடிக்கணினியைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க அங்கிள். ஆன்ட்டி வாசல்லதான் இருக்காங்க. எல்லாருமே அங்கதான்…” என்றவர் நிறுத்தினார். “ஆறு பேருமே எப்படி ஒரே இடத்துல?”

நான் ஓடினேன். வாசலிற் சப்பாத்தடுக்கில் ஆறு சோடிகளும் ஒழுங்காக இருந்தன.

கோயிலுக்குள் சப்பாத்துடன் எவரும் போவதில்லை என்பதை, அறுபது வருடம் கோயிலுக்குப் போன நானும் எண்ணவில்லை; தலைவியும் எண்ணவில்லை. பரிசோதனைக்கு வந்திருந்த என் நண்பர் அடுக்கைப் பார்த்துச் சொன்னார்: “மிசினைக் குறை சொல்லாதையும் காணும். ஒருத்தற்ற சப்பாத்தும் துலையேல்லை!”

மனைவி கார் நிறுத்துமிடத்தில், எவருடையதோ காரின் கதவை இழுத்துக்கொண்டு, வெறுங்காலுடன் நின்றார்.

“எங்கையப்பா போனனீங்கள்? எவ்வளவு நேரமாத் தேடுறன்!” என்று என்னை ஏசினார்.

நடந்ததை வைத்தியரிடம் மறைக்கவில்லை. அடுத்த சந்திப்புவரை பொறுக்குமாறு கேட்டேன், பொறுத்தார்.

மறுநாட் காலை மனைவி சேலை உடுப்பதைப் பார்த்திருந்தேன். சற்றுமுன் சாப்பிட்டதை மறந்தவர், தோளில் மடிப்பெடுத்து ஊக்குக் குத்துவதை மறக்கவில்லை. கருவியை மெல்லிய துணிப்பையில் வைத்துத் தைத்து நீட்டினேன்.

“இதென்ன கூடு?”

“நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் துலைக்காமல் இருக்க.”

“அப்ப தாருங்கோ. நீங்கள்தானே அடிக்கடி துலையிறனீங்கள்” என்று மடிப்பின் உட்புறம் வைத்துக் குத்திக்கொண்டார்.

ஆய்வுகூடத்திற் சொன்னபோது தலைவி கேட்டார்: “வேட்டி கட்டினவங்களுக்கு எங்க அங்கிள் மாட்டுறது?”

“பெல்ற்றில. அதைக் கழட்டினால் காணாமற் போறது வேட்டிதான், பிள்ளை.”

ஆயினும் தோளில் வேறொரு தொல்லை. உடம்பு அலையை மறைத்ததால், அணிந்தவர் திரும்பி நின்றாற் புள்ளி பல அடி விலகிற்று. வார இறுதிகளில் அளவு நாடாவுடன் கோயிலைச் சுற்றி அளந்து, மேலும் இரு பெட்டிகள் பொருத்தினேன். ஒன்று செயலிழந்தாலும் மற்றவை தமக்குள் பேசி இடத்தைக் கணிக்கும்படி தலைவி மென்பொருளைத் திருத்தி எழுதினார்.

இரண்டாம் பரிசோதனையில் மனைவி மீண்டும் நழுவினார். புள்ளி பின்புறத் தண்ணீர்க்குழாயருகே நின்றது. நான் ஓடவில்லை, நடந்தே போனேன். அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தார். வைத்தியர் அப்பதிவைப் பார்த்து, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். வீட்டிலும் பெட்டிகள் பொருத்தினோம். இறுதிவரை மனைவி என்னுடனேயே இருந்தார்.

அச்சான ஆய்வறிக்கையில், அணியும் இடம் மாற்றப்பட்டதென ஒரு வரி மட்டும் உண்டு. ஏன் மாறியது, யாருடைய தோளுக்கு மாறியது என்பது அதில் இல்லை. ஆகையால் இக்குறிப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவ்வறிக்கையுடன் சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.