இரண்டு டின் புளியங்கொட்டை

சென்னையில் ஒருவன் சாலையின் ஒரு பக்கம் இறங்கிவிட்டால் மறுபக்கத்தைப் பார்க்கத்தான் முடியும், போய்ச் சேர முடியாது என்று இருபத்திரண்டு வயதில் நான் மனமார நம்பினேன். அங்கே குடியேற நேர்ந்தால் ஆபீஸ் இருக்கும் பக்கத்திலேயே வீடு, மளிகைக் கடை, டாக்டர், முடிந்தால் சுடுகாடு வரைக்கும் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டம்கூட வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். நாளைக்கு இரண்டே பஸ் வருகிற ஜவ்வாது மலை ரோட்டோரம் உட்கார்ந்து புளி நிறுத்துக்கொண்டிருந்தால் நீங்களும் இதைத்தான் நம்பியிருப்பீர்கள்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் ஒரு பாக்கெட். போன வாரம் என் மனைவி கனகா சூப்பர் மார்க்கெட்டிலிருந்து புளி வாங்கி வந்தாள். கொட்டை நீக்கியது என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. உள்ளே கையை விட்டால் ஒரு கொட்டை. அதைக் கழுவித் துடைத்து, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். "இந்தாங்க, பாக்கி ஓட்டு ஒண்ணு இப்பத்தான் வந்து சேர்ந்துக்குது" என்றாள்.

அந்தப் புதுப்புளி வாசனை இருக்கிறதே, அது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே கோணிச் சாக்கும் இரும்புத் தராசும்தான் தோன்றும். எண்பதுகளின் தொடக்கம். மலைப்பொருள் வாங்கும் ஒரு சங்கத்துக்குக் காவலூர் போகும் வழியில் ஒரு டிப்போ இருந்தது. மலைக்காரர்கள் புளி, கடுக்காய், தேன் எல்லாம் தலையில் சுமந்து கொண்டுவருவார்கள். நான் எடை போடுகிறவன். அமிர்தி பக்கத்திலிருந்து மேலே ஏறி வந்த தற்காலிக ஊழியன். சீசன் முடிந்ததும் அடுத்த சீசனுக்குக் கூப்பிடுவார்களா என்பது அவர்கள் மனசைப் பொறுத்தது. கல்யாணமாகி எட்டு மாதம். டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு.

அந்த மாசியில்தான் தபால் வந்தது. சென்னைத் தலைமைக் கிடங்கில் நிரந்தர வேலை. சம்மதம் என்றால் எழுதி, அடுத்த சனிக்கிழமை லோடு ஏற்ற வரும் லாரியோடு அனுப்பவும். சம்மதமில்லை என்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நல்ல செய்திதானே? எனக்கு அந்த ரோடுதான் கண்முன் வந்தது. லாரி டிரைவர் தஸ்தகீர் பாய், வாணியம்பாடிக்காரர், வாராவாரம் சென்னைக்குப் போய் வருகிறவர், முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தார்: "மவுண்ட் ரோட்ல நான் லாரில இருக்கசொல்லதான் ராஜா. எறங்கி நடந்தா, அல்லாவே, இந்தாண்ட இருந்து அந்தாண்ட போறதுக்குள்ள தாடி நரைச்சிடும்." அவர் தாடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இந்தப் பயத்தை வெளியே சொல்ல முடியுமா? ஆகவே ஆண்பிள்ளைத்தனமாக வேறொரு வேலை செய்தேன். பட்டணத்து வாழ்க்கை நல்லதா கெட்டதா என்று ஆராய்வதாக அறிவித்தேன். எடை போடுகிறவன் அல்லவா, எதையும் இரண்டு தட்டில் வைத்துத்தான் யோசிக்க வரும். இரண்டு பால்பவுடர் டின் எடுத்துக்கொண்டேன். ஒன்று 'போகலாம்', ஒன்று 'வேண்டாம்'. புளி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் சென்னையைப் பற்றிக் கேட்பது, அவர்கள் சொல்வதைப் பொறுத்து ஒரு டின்னில் ஒரு புளியங்கொட்டை போடுவது.

முதல் நாளே சிக்கல். டிப்போவில் எண்ணும்போது 'ஒன்று' என்று ஆரம்பிக்க மாட்டோம், 'லாபம்' என்போம். லாபம், ரெண்டு, மூணு. அந்தப் பழக்கத்தில் வேண்டாம் டின்னை எண்ணும்போதும் வாய் தானாக 'லாபம்' என்றது. தண்ணீரைக்கூடக் காத்துக் கிடந்துதான் பிடிக்க வேண்டுமாம்: லாபம். ராத்திரியெல்லாம் விளக்கு எரிவதால் அங்கே வானத்தில் நட்சத்திரமே தெரியாதாம், அதனால்தான் பெரிய படிப்புப் படித்தவர்கள் காவலூருக்கு வந்து மலையில் குடியிருந்து பார்க்கிறார்களாம்: ரெண்டு. போகலாம் டின்னிலும் விழுந்தது. சென்னையில் கரடி கிடையாது. இதை ஒரே நாளில் நான்கு பேர் சொன்னார்கள், நான்கு கொட்டை போட்டேன். கரடி கடித்த தழும்போடு வந்த ஒருவருக்கு மரியாதைக்காக ஒன்று கூடுதல்.

அங்கே யாரும் யாரையும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று ஒரு அம்மாள் வருத்தமாகச் சொன்னாள், வேண்டாம் டின்னில் போட்டேன். அடுத்து வந்தவர் ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு தடவை தண்டம் கட்டியவர். அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், முகமெல்லாம் சிரிப்பாக. போகலாம் டின்னில் போட்டேன். இருபத்தெட்டு வருஷம் சென்னையில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இரண்டு கொட்டையும் சரியான டின்னில்தான் விழுந்திருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னவர்களில் ஒருவரும் வேலூரைத் தாண்டியதில்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. சென்னையைப் பார்த்திருந்தவள் சின்னப்பொண்ணு ஒருத்திதான். எங்களுக்குப் புளி போடுகிறவர்களில் மூத்தவள். அவள் மகனுக்கு வயிற்றில் கட்டி வந்து, கீழே இருந்த டாக்டர் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்க, நாற்பது நாள் அங்கே தரையில் படுத்து அவனைப் பிழைக்கவைத்துக் கூட்டிவந்தவள். அவன் அன்றைக்கும் பின்னால் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தான்.

சென்னை எப்படி என்று கேட்டேன். தரையில் கிடந்த கொட்டையை இரண்டு கையாலும் அள்ளி, 'போகலாம்' டின்னில் கொட்டினாள்.

ஒரு பேச்சுக்கு ஒரு கொட்டைதான், அதுதான் கணக்கு என்று தராசுக்காரனாக நான் எடுத்துச் சொன்னேன். மலையில் 'சார்' என்பதும் 'நீ' என்பதும் சேர்ந்தே வரும், அதில் அவமரியாதை கிடையாது. "சார், உனக்கு அது ஒரு பேச்சு" என்றாள். "எனக்கு ஒரு புள்ள."

டின்னுக்குள் விட்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் மூட்டையைக்கூட இரண்டு தடவை நிறுத்தேன், முள் எங்கே நின்றது என்று கண்ணில் படவில்லை.

அப்புறமும் பயம் போயிற்றா என்றால், இல்லை. இன்னும் சொன்னால் அதிகமாயிற்று. சென்னை நல்ல ஊராக வேறு இருந்துதொலைத்தால் போகாமலிருக்க என்ன சாக்கு? சரி, சாலையைக் கடக்கப் பழகிக்கொள்வோம் என்று மறுநாள் காலை பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நின்றேன். வண்டி நெருங்கும்போது குறுக்கே கடக்க வேண்டும், அதுதான் பயிற்சி. பஸ் வளைவில் திரும்பியதும் என் கை தானாக மேலே போயிற்று. பஸ் நின்றது. மலையில் ரோட்டோரம் ஆள் நின்றால் பஸ் நிற்கும், அதுதான் முறை. நான் ஏறவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கண்டக்டர் படியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "ஏறவும் மாட்டேன்ற, வண்டிய போவ வுடவும் மாட்டேன்ற. இன்னாதான் சார் வோணும் உனக்கு?"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். டயரில் காற்று குறைவாகத் தெரிந்தது, அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டின்களை எண்ணி முடிவெடுக்கலாம் என்று வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலிலேயே வறுத்த வாசனை. கனகா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டைத் தோலை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு டின்னும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

எந்த டின்னை வறுத்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டையும்தான். ரெண்டுலயும் ஒரே கொட்டதானேங்க இருந்துச்சு?" என்றாள். ஒரு கைப்பிடி என்னிடமும் நீட்டினாள்.

கோபமாகத்தான் வாங்கினேன். ஆனால் மணல் போட்டுப் பதமாக வறுத்த கொட்டை, உப்புக் கரைசல் வேறு தெளித்திருந்தாள். மென்றுகொண்டே, ஒரு வார உழைப்பு, இதில் கரடி எது, நட்சத்திரம் எது, சின்னப்பொண்ணின் பிள்ளை எது என்று புலம்பினேன். அவள் கேட்டுக்கொண்டே தோல் உடைத்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"ரோட்ட தாண்ட பயம்னா அத சொல்லுங்க. அதுக்கு ஏன் மலைய பூரா கேட்டுக்கினு இருக்கீங்க?"

உனக்கு யார் சொன்னது என்றேன். கண்டக்டராம். டயர் கதையை அவர் நம்பவில்லை. வழியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்து, திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்தி அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் யாரையும் கண்டுகொள்ளாத ஊர் எவ்வளவு நல்லது என்று அந்த நிமிஷம் தோன்றியது. போட ஒரு கொட்டை மிச்சமில்லை.

கனகா படவேட்டுக்காரி. பள்ளிக்கூடத்துக்கு ஆற்றைத் தாண்டிப் போனவள், வெள்ளம் வந்த நாளிலும். "வெள்ளத்த எதிர்த்து நிக்கக் கூடாதுங்க. நேராவும் தாண்டக் கூடாது. அது போற பக்கமே சாஞ்சிக்கினு, கைய வுடாம, நவுந்து நவுந்து போவணும். ரோடு இன்னா, தண்ணி இல்லாத ஆறு. நான் இட்டுக்கினு போறேன், வாங்க." அதுவரை அவளுக்குச் சென்னை போக விருப்பமா என்று நான் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மலையில் எல்லோரையும் கேட்டிருந்தேன். அவளையும் கேட்டேன். "எட்டாவதோட நிறுத்திட்டாங்க. அங்க போய் மிச்சத்த படிக்கலாமான்னு பாக்கறேன்" என்றாள். அன்றே சம்மதம் என்று எழுதினேன். கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது.

நாங்கள் கிளம்பியபோது சின்னப்பொண்ணு வந்திருந்தாள். கொட்டை எண்ணிக்கை என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பூக்காரி இருப்பாள், தனக்குத் தினமும் தண்ணீர் கொடுத்தவள், பார்த்தால் பையன் நன்றாக இருக்கிறான் என்று சொல் என்றாள். சென்னை வந்த பிறகு போய்ப் பார்த்தேன். வாசலில் பதினோரு பூக்காரிகள் இருந்தார்கள். பதினோரு பேரிடமும் சொன்னேன். பதினோரு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

புளி மூட்டைகளோடு மூட்டையாக எங்களைக் கொண்டுவந்து தஸ்தகீர் பாய் மவுண்ட் ரோட்டில் கிடங்கு ஆபீஸ் வாசலில் இறக்கினார். எங்களுக்குப் பார்த்துவைத்திருந்த வீட்டைக் கை காட்டினார். அது எதிர்ப்பக்கம். "தாடி பத்திரம் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கனகா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டிகள் போகிற பக்கமே சாய்ந்து, நகர்ந்து நகர்ந்து, இடது கைப்பக்கமாக வெகுதூரம் போய் நடு ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அவளே திகைத்து நின்றாள். "இன்னாங்க இது, மிச்ச ஆறு திரும்பி ஓடுது?" அது எங்கள் இருவருக்குமே தெரியாத விஷயம். ஒரு நொடிதான். அவளும் திரும்பினாள். மறுபாதியில் வலப்பக்கமாகச் சாய்ந்து நகர்ந்து கரையேறியபோது, கிளம்பிய இடத்துக்கு நேர் எதிரே, வீட்டு வாசலிலேயே நின்றோம். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், தாண்டறதுன்னா நேரா தாண்டு. நடு ரோட்ல கோலமா போடற?"

"தாண்டிட்டோம்ங்க" என்றாள் கனகா.

அந்த டிப்போ இப்போது இல்லை. தராசு எங்கே போயிற்றோ. தஸ்தகீர் பாயும் இல்லை, முழுத்தாடியும் நரைத்த பிறகுதான் போனார். கனகா பத்தாவது எழுதித் தேறி, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்து, இப்போது அதன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் வாசலுக்கு நேரே மவுண்ட் ரோட்டின் நடுவில் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கத்தைப் பார்க்கக்கூட முடியாது. இருபத்திரண்டு வயதில் நான் நம்பியது ஐம்பது வயதில் உண்மையாகிவிட்டது.

ஆனால் நடந்தது இதுதான். சுவர் வரும்வரை அந்த ரோட்டை நாளைக்கு இரண்டு தடவை தாண்டினேன். ஒரே ஒரு முறை ஒரு சைக்கிள் இடித்தது. அது ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்த சைக்கிள்.