ஆமைக்கு ஒரு பதிவுப் படிவம்

நிலாவெளியில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். அதற்கான அனுமதிப் பத்திரம், கணவரின் ஓட்டோப் பத்திரங்கள், நாய்க்கு ஊசி போட்ட அட்டை எல்லாம் அலுமாரியில் தனித்தனிக் கோப்புகளில் இருக்கும். படிவம் நிரப்புவது பலருக்குத் தலையிடி. எனக்கோ அதில் ஒரு தனிச் சந்தோசம்.

போன மாரியில் ஒருநாள் மத்தியானம், கணவர் ஓட்டோவின் பின் சீற்றிலிருந்து ஓர் ஆமையை இறக்கினார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. புல்மோட்டை வீதியைக் கடக்கும்போது ஏதோ வாகனம் உரசியிருக்க வேண்டும், ஓட்டின் விளிம்பு உடைந்திருந்தது. நான் மஞ்சள் அரைத்துப் பூசினேன். அவர் கிணற்றடியில் கம்பிவலை அடித்து ஒரு சின்ன அடைப்புக் கட்டினார்.

ஒரு மாதத்தில் காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆமையை விடுகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் வரவில்லை. வத்தகப்பழத் துண்டைக் கண்டால் அது கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். வீட்டில் அதிகம் பேசாத என் கணவர், காலையில் கிணற்றடியில் குந்தியிருந்து அன்றைய ஓட்டோச் சவாரிகளைப் பற்றி அதனோடு கதைப்பார். அறையில் தங்க வந்தவர்களும் கடலைப் படம் எடுப்பதற்கு முன் ஆமையைத்தான் படம் எடுத்தார்கள்.

அப்படி வந்த ஒரு கொழும்புச் சட்டத்தரணி, காலைச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டார், இதற்குப் பதிவு இருக்கிறதா என்று. காட்டு விலங்குகளை வைத்திருக்கச் சட்டம் இருக்கிறதாம், வழக்கு வந்தால் விடுதி அனுமதிப் பத்திரத்துக்கும் கரைச்சலாம். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அவரைத் தேற்றினேன். பதிவுதானே, படிவத்தை நிரப்பிக் கட்டணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது என்றேன்.

மறுநாளே ஆமையைப் பெரிய பிளாஸ்டிக் பேசினில் வைத்துத் துவாயால் மூடி, பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போனேன். வனசீவராசிகள் அலுவலகத்தில் இருந்தவர் கிண்ணியாப் பக்கத்து உத்தியோகத்தர், என் தம்பி வயதிருக்கும். ஆமையைப் பதிய வந்திருக்கிறேன் என்று சொல்லித் துவாயை விலக்கினேன். அவர் ஆமையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இத வீட்டில வச்சிருந்தது ஒரு குற்றம். பஸ்ஸில கொண்டு வந்தது இன்னொரு குற்றம்."

பேசினை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். வாழ்நாளில் ஒரு தண்டப்பணமும் கட்டாதவள் நான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கட்டணம் எவ்வளவெண்டு சொல்லுங்கோ, கட்டுறன்."

"அனுமதியே குடுக்க ஏலாத பிராணிக்கு எப்படி அக்கா கட்டணம் எடுக்கிறது?"

அப்படியானால் பதிவுப் படிவம் என்று ஒன்று இல்லவே இல்லையா என்று கேட்டேன். என்னை நம்ப வைப்பதற்காகவோ என்னவோ, அவர் மேசை லாச்சியைத் திறந்து தன்னிடம் இருந்த ஒரே படிவத்தை எடுத்துத் தந்தார். அது வீட்டில் வளர்க்கும் யானைக்கானது. உயரம், தந்தத்தின் நீளம், கால் நகங்களின் எண்ணிக்கை, பாகனின் முகவரி. பழக்கதோசத்தில் நான் குனிந்து ஆமையின் நகங்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். அதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் லேசாக நடந்தது. ஒளித்து வைக்காமல் நானாகவே கொண்டுவந்தபடியால், காயப்பட்ட பிராணியைப் பராமரித்து ஒப்படைத்ததாக அவர் கடிதம் எழுதினார். மிருக வைத்தியர் ஆமையின் ஓட்டைப் பார்த்து, காயம் நன்றாக ஆறியிருக்கிறது என்றார். ஆமையை எடுத்த இடத்திலேயே விடவேண்டும் என்பதால் கணவருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் ஓட்டோவில் முன்னே வழிகாட்ட, அலுவலக ஜீப்பில் நாங்கள் பின்னே போனோம்.

வீதியிலிருந்து தள்ளி, பற்றைக்காட்டு ஓரத்தில் ஆமையை இறக்கினோம். கணவர் சேட்டுப் பையிலிருந்து வத்தகப்பழப் பொட்டலத்தை எடுத்தார். இனி அது தானே தேடித் தின்னட்டும் என்று உத்தியோகத்தர் தடுத்துவிட்டார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெகுநேரம் கல்லுப்போலக் கிடந்தது. நாங்கள் மூவரும் சற்றுப் பின்வாங்கி நின்றோம். பிறகு தலை வந்தது, கால்கள் வந்தன. நான் நினைத்திராத வேகத்தில் நடந்து புல்லுக்குள் மறைந்தது.

"ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை," என்றார் கணவர்.

பழத்தை அங்கேயே மூவரும் பங்கிட்டுக்கொண்டோம். கணவரின் துண்டு மட்டும் தின்னாமல் அப்படியே கையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கம்பிவலையைப் பிடுங்கிச் சுருட்டினார். இரண்டு மூன்று நாட்கள் கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

கதை ஊருக்குள் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா, கூட்டில் வளர்க்கும் கிளிக்கு என்ன சட்டம் என்று கேட்டு வந்தார். தெரியாததைச் சொல்லக்கூடாதென்று அவரையும் அந்த உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் உத்தியோகத்தர் எழுந்து, இந்த முறை பேசினுக்குள் என்ன என்று கேட்டு, வெறுங்கையோடு நின்ற எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

போன கிழமை கணவர் கட்டைபறிச்சானிலிருந்து இரண்டு தாரா வாத்துகளை ஓட்டோவில் கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இதுக்குப் பதிவு தேவையில்லையாம். கேட்டிட்டுத்தான் வந்தனான்," என்றார்.