மம்மி என்று நானே சொல்லிக்கொடுத்தேன்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும்போது என் மகள் சில சமயம் “அம்மா” என்று முனகுகிறாள். அவள் யாரைக் கூப்பிடுகிறாள்?

விழித்திருக்கும்போது அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நான் மம்மி. அம்மா என்றால் எங்கள் கீழ்வீட்டுக்காரர். எல்லோரும் சொல்வதுபோல் கீழ்வீட்டுக்காரம்மா என்றுதான் முதலில் எழுதினேன். அதன் கடைசியிலும் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அடித்துவிட்டேன். இதிலிருந்தே என் மனம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திருத்தணியில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அவருடைய மாடியில் குடியிருக்கிறோம். எனக்குத் திருவள்ளூரில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. கணவருக்கு ஆர்.கே.பேட்டை பக்கம். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது குழந்தைக்கு எட்டு மாதம். யாரிடம் விடுவது என்று நான் அழுதுகொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, “எங்கிட்ட உட்டுட்டுப் போம்மா, நான் சும்மாதான குந்திகினு இருக்கேன்” என்றார். அவருடைய இரண்டு மகள்களும் கல்யாணமாகி ஒருத்தி நகரியிலும் ஒருத்தி திருப்பதியிலும் இருக்கிறார்கள். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வாசலில் தமிழ்.

அவர் கேட்காமலே செய்த உதவி அது. அதை மறந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறக்க முடியாததுதான் சங்கடமே.

மம்மி என்ற சொல்லை நான்தான் தேர்ந்தெடுத்தேன். என் பெரியப்பா மகள் சென்னையில் இருக்கிறாள். அவள் பையன் கல்யாண மண்டபத்தில் “மம்மி, மம்மி” என்று ஓடி வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கும்போதும் உதவும் என்று கணவரிடம் சொன்னேன். அவர், “அப்பன நைனான்னு கூப்புடற வீடு இது. மம்மியும் நைனாவுமா? நல்லா இருக்குது ஜோடி” என்று சிரித்தார். நான் விடவில்லை. ஆறு மாதத்திலிருந்தே என் முகத்தைக் காட்டிக் காட்டி மம்மி, மம்மி என்று சொல்லிக்கொடுத்தேன். அவளும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டாள். மகள் முதல் சொல்லாக மம்மி சொன்ன அன்று என் அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் இன்னொரு சொல் யாருக்கும் இல்லாமல் கிடந்தது. அதைக் கவனிக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரரின் மகள்கள் தினமும் போன் செய்வார்கள். ஸ்பீக்கரில் “அம்மா” என்றுதான் பேச்சே தொடங்கும். பால்காரர் “அம்மா, பால்” என்பார். நானே காலை ஆறே முக்காலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, “அம்மா, கதவத் தெறங்க” என்பேன். வீட்டுக்குச் சொந்தக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது? இத்தனை பேர் ஒரே ஆளை ஒரே சொல்லால் கூப்பிட்டால் குழந்தை என்ன நினைக்கும்? ஒரு வயது ஆனபோது என் இடுப்பிலிருந்து அவர் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டி “அம்மா” என்றாள். அந்தச் சொல் எவ்வளவு தெளிவாக வந்தது என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன். மம்மி அவ்வளவு தெளிவாக வந்ததே இல்லை.

கணவர், “ஒரு வார்த்தைக்கு இன்னாடி இவ்ளோ?” என்றார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் வெளியே காட்டவில்லை. ஆனால் ரயிலில் உட்கார்ந்ததும் போனை எடுத்து அந்த ஒரு வார்த்தையைத் தேட ஆரம்பித்தேன். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம். படித்தவள் என்பதால் வருகிற கஷ்டம் இது. மற்ற பெண்கள் பூ கட்டுவார்கள், தூங்குவார்கள். நான் உலகத்தில் அம்மாவை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று படித்துக்கொண்டு போனேன்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அம்மாதான். சிங்களத்திலும் அம்மா. இந்தியில் மா. கொரியாவில் ஏறக்குறைய நம்மைப் போலவே ‘ஒம்மா’ என்கிறார்கள். சீனாவில் ‘மாமா’. அரபியில் ‘உம்’. ஸ்பெயின் பக்கம் பாஸ்க் என்று ஒரு மொழி, சுற்றியிருக்கிற எந்த மொழிக்கும் உறவில்லாத மொழியாம், அதிலும் ‘அமா’. ஆங்கிலத்தில் மதர் என்பதும் பாரசீகத்தில் மாதர் என்பதும் சமஸ்கிருதத்தில் மாதா என்பதும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்கிறார்கள். ஆனால் உறவில்லாத மொழிகளில் இருப்பவை ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியவை இல்லையாம். அந்தந்த ஊரில் அந்தந்தக் குழந்தையின் வாயிலிருந்தே வந்தவையாம். மாறுபட்டவையும் உண்டு. துளுவில் ‘அப்பெ’ என்றால் அம்மா. ஜார்ஜியா என்ற நாட்டில் ‘மாமா’ என்றால் அப்பா. அதைப் படித்துவிட்டு அரக்கோணத்தில் ஏறிய பெண் என்னைப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன்.

ஐஸ்லாந்தில் ‘அம்மா’ என்றால் பாட்டி என்று படித்த நாள் மிகவும் சந்தோஷமாக இருந்தது. கீழ்வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அப்படியென்றால் என் மகள் சரியாகத்தான் கூப்பிடுகிறாள், நாடுதான் தவறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஜெர்மன் மொழியில் ‘அம்ம’ என்று ஒலிக்கிற சொல்லுக்குப் பொருள் பார்த்தேன். வேறொருத்தி பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்ப்பவள் என்று இருந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று படித்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். குழந்தை பால் குடிக்கும்போதும் பசிக்கும்போதும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகுமாம். அது ‘ம்ம்’ என்று வரும். வாய் திறந்தால் ‘மா’. அது யாரையும் கூப்பிடுவதில்லையாம். பக்கத்தில் இருக்கிற பெரியவள்தான், என்னைத்தான் கூப்பிடுகிறது என்று அந்த ஒலியைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியாது. ஆனால் பக்கத்தில் இருப்பவள் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. பகலில் பத்து மணி நேரம் அவள் பக்கத்தில் இருப்பது யார்?

வேடிக்கை என்னவென்றால், என் மேசையில் ஒரு நாளைக்கு நூறு பேராவது என்னை அம்மா என்கிறார்கள். “ஏம்மா, டாக்டர் வந்துட்டாரா?” “கண்ணுல மருந்து உட்டது எரியுதும்மா.” என் தாத்தா வயதுக்காரர்கள்கூட. நானும் எல்லோரையும் அம்மா என்றுதான் உள்ளே அனுப்புகிறேன். தெருவில் யாருக்கும் கிடைக்கிற சொல். ஒருத்தியிடமிருந்து மட்டும் எனக்கு வரவில்லை.

மூன்று வயது முடிவதற்குள் மலைக்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். அம்மையார்குப்பத்திலிருந்து என் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கீழ்வீட்டுக்காரரையும் அழைத்தேன், அழைக்காமல் இருக்க முடியாது. என் தம்பி மடியில் குழந்தையை உட்கார வைத்தோம். தலையில் தண்ணீர் பட்டதும் அலற ஆரம்பித்தாள்.

“அம்மா! அம்மா!”

முடி எடுப்பவர், “அம்மா யாரும்மா? முன்னால வந்து நில்லுங்க, கொழந்த தலைய ஆட்டிகினே இருக்குது” என்றார். நான் போய் அவள் எதிரில் மண்டியிட்டேன்.

“மம்மி வாணாம்! அம்மா!”

என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் என் பெரியம்மா, “பெத்தவ எதிர்ல குந்திகினு இருக்கா, இவ எந்த அம்மாவடி தேடறா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கீழ்வீட்டுக்காரர் சந்தனக் கிண்ணத்தோடு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதை நான் பார்த்தேன். குழந்தையின் கண்ணில் படக்கூடாது என்றுதான் போனார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எனக்காக ஒளிந்துகொள்ள இவர் யார்?

“யாரா இருந்தாலும் வாங்கம்மா, கத்தி பட்டுடப் போவுது” என்று முடி எடுப்பவர் அதட்டினார். கீழ்வீட்டுக்காரர் வந்தார். முகவாயைப் பிடித்துக்கொண்டு, “கண்ணு, ஒண்ணுமில்ல. வூட்டுக்குப் போயி பூவா துன்லாம், அம்மா கீறேன் பாரு” என்றார். அவள் அசையாமல் இருந்தாள். மொட்டை முடிந்தது. சந்தனக் கிண்ணத்தை அவர் என்னிடம் நீட்டி, “நீ பூசும்மா” என்றார். வாங்கிப் பூசினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரமே அதைச் செய்தேன். தினமும் சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “கீழ யாரு இருக்காங்க? ஆயா. சொல்லு, ஆயா” என்று பழக்கினேன். சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய். எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பது வழக்கம்தான். அதில் தவறில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். ஐந்தாம் நாள் காலை கதவு திறந்ததும் குழந்தை அவரைப் பார்த்து “ஆயா” என்று சொல்லிவிட்டு, மிட்டாய்க்காக என் பக்கம் திரும்பிக் கையை நீட்டியது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என்னை.

“ஆயாவா? ஆங், ஆயாதான். இஸ்கூல்ல பசங்களுக்குக் கால் கழுவி உடறவங்களக்கூட அப்டித்தான் கூப்புடறாங்க. அதுவும் செஞ்சிகினுதான இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டார். “போம்மா, ரயிலு போய்டும்.”

ரயில் கிடைத்துவிட்டது. அன்று முழுவதும் என் மேசையில் யார் அம்மா என்றாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் நினைத்தது ஒன்று. அங்கே காலியானால் அந்தச் சொல் தானாக என்னிடம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இப்போது என் மகள் கீழ்வீட்டில் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டுமென்றால் போய்ப் புடவையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தால் காத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு நாள் சீக்கிரம் வந்தபோது நான் அதைக் கதவருகே நின்று பார்த்தேன். வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

மேலே நான் இன்னும் மம்மிதான். அம்மா என்று சொல் என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். “தப்பு” என்றாள்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர், “எனக்கும் முட்டி வலி ஜாஸ்தியாயிட்டே வருது. ஜூன் மாசத்துலேருந்து கொழந்தைக்கு வேற எடம் பாத்துக்கோம்மா” என்றார். முட்டி வலி இரண்டு வருடமாக இருக்கிறது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். “சரிங்க” என்றேன். வழக்கமாகச் சொல்கிற அம்மாவைச் சேர்க்க வாய் வரவில்லை. சொல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று என் மகளைப் போலவே எனக்கும் தெரிந்தது.

கணவர், “ஸ்டேஷன்கிட்ட பிளே ஸ்கூல் இருக்குது, சேத்துடலாம். ஆறு மாசத்துல மறந்துடுவா” என்கிறார். மூன்று வயதுக்கு முன் நடந்தது எதுவும் பெரியவர்களானதும் நினைவில் இருக்காது என்று நானும் படித்திருக்கிறேன். அப்படியானால் நான் பொறுத்திருந்தால் போதும். ஒரு நாள் மற்ற குழந்தைகளைப் பார்த்து அவளே என்னை அம்மா என்பாள். அன்று திரும்பிப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

இல்லையென்றால் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய், கீழ்வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டி, என் வாயாலேயே, “இவங்கதான் உன் அம்மா, கூப்புடு” என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஜூனுக்குப் பிறகும் குழந்தை அங்கே தங்கும் என்று நினைக்கிறேன். சொல்லும் தங்கிவிடும், அவரிடமே. இரண்டு நாளாகப் படிக்கட்டில் பாதி வரை போய்த் திரும்பி வருகிறேன்.

ஜூனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உங்கள் பிள்ளையை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். நீங்களாக இருந்தால் கதவைத் தட்டுவீர்களா? தட்டியவர்களுக்கு அந்தச் சொல் எப்போதாவது திரும்பி வந்ததா? வரவில்லை என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.