ஃபேனில் மூன்று புடவைகள்

போன ஞாயிறு என் வீட்டு வாசலில் கூட்டம். என்னைப் பாராட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

புதுச்சேரி நண்பர் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றை என்னிடம் விட்டுப் போயிருந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. படம் பார்க்கத் தெரியும். பெரிய கூடம்... கூரையிலிருந்து நீள நீளமாகத் துணிகள்... அவற்றை ஆட்டிவைக்கக் காற்று. அசைகிற சிற்பமாம்! கல் வேண்டாம், உளி வேண்டாம். துணியும் காற்றும் போதும்.

இது நம்மால் முடியாதா?

காரைக்காலில் காற்றுக்கா பஞ்சம், கடற்கரைக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போனால் ஊர் பார்த்துச் சிரிக்குமே! மனைவி சரோஜா மார்க்கெட்டுக்குக் கிளம்பியதும் வாசல் கதவை உள்பக்கம் தாழிட்டேன். அவளுடைய புடவைகள் மூன்றை சீலிங் ஃபேனில் கட்டி, மெதுவாகச் சுற்றவிட்டேன்.

அடடா! நைலக்ஸ் புடவை தரையில் படாமல் ஓடியது. மெல்லிய வாயல் புடவை மூச்சு விடுவதுபோல் உப்பி உப்பி அடங்கியது. கைத்தறிச் சேலை மட்டும் ஆபீஸ் ஃபைல் ஜாதி — தள்ளினால்தான் நகர்ந்தது. மூன்றும் ஒன்றாக விரிந்தபோது நடுவில் நின்று கை தட்டினேன். நாற்பது தாண்டிய ஆள்!

கரண்ட் போனது. சிற்பம் தொங்கியது. வருகிறவரை ஒரு டீ குடிக்கலாமென்று கொல்லைக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போனேன்.

அந்த நேரம் பார்த்து, உறை மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்திருக்கிறார். தாழிட்ட கதவு, ஃபேனில் சரோஜாவின் புடவை... நம் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தானே? கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தைப் பயம் நிரப்பிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம்; சிற்பத்தைப் பாராட்டத்தான் என்று கிட்டப் போனால், இரண்டு பேர் என் கதவை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சார் பண்ணுனீங்க அந்தப் பொண்ண?” அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பழக்க தோஷம்.

“சிரிக்கிறாரு பாருங்க! மனுசனா இவரு?”

“அதான் வாராவாரம் பத்திரிகைல எழுதுறாரே... பொண்டாட்டி வச்ச சாம்பாரு, பொண்டாட்டி பேசுன இங்கிலீசுன்னு. எந்தப் பொம்பளதான் தாங்குவா?” — கூட்டத்தில் ஒரு குரல்.

சேச்சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

கத்தரிக்காய்ப் பையோடு சரோஜா வந்து சேர்ந்தாள். அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சரோஜா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. அவருக்குப் பொழுது போகல, வெளயாடியிருக்காரு.”

கூட்டம் கலைந்தது. விஷயம் கலையவில்லை. யாரோ சைக்கிளில் சரோஜாவின் அம்மா வீடு இருக்கும் போலகம் வரை போய்ச் சொல்லிவிட்டார்கள். மாமியார் வந்து இறங்கினார், காலில் செருப்புகூட இல்லாமல். மகளின் முகத்தையும் கழுத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படியில் மகளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“நெசத்தச் சொல்லுடி. மாப்ள ஒன்ன ஏதாச்சும் பேசுறாரா?”

“இல்லம்மா. பத்திரிகைல எழுதுறதோட சரி.”

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? வாராவாரம் நீங்களும் நானும் சேர்ந்து சிரித்தோமே... அவள் சிரித்தாளா என்று ஒரு வாரமாவது திரும்பிப் பார்த்தேனா?

இதுவரை எழுதிய எதையும் அவளிடம் முன்கூட்டிக் காட்டியதில்லை. இதைக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள். பேனாவை வாங்கி ஒரே ஒரு வரியை அடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

எந்த வரி என்று கேட்காதீர்கள். நான் மிகவும் ரசித்து எழுதிய வரி!